இரண்டு மஞ்சள் பட்டைகள்

ஐயா, உங்கள் மேசைமேல் கிடக்கும் அந்த மஞ்சள் பட்டை மட்டமான சரக்கு இல்லை. அறிக்கையில் 'தரமற்ற பட்டை' என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். முதலில் அதை அடித்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

பதினேழு வருடமாக ஸ்கூபா சாமான் கடை நடத்துகிறேன். சிலிண்டர் வாங்க வருகிறவர்கள் அதைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். மூச்சு விடும் குழாயை வாயில் வைத்து ஊதிப் பார்ப்பார்கள். சிலிண்டரை முதுகு ஜாக்கெட்டோடு சேர்த்துப் பிடிக்கிற பட்டை என்று வந்தால் மட்டும், "ஏதாவது ஒண்ணு குடுங்கக்கா" என்பார்கள். நான் விடமாட்டேன். பிளாஸ்டிக் கொக்கி வெயிலில் விண்டுபோகும், எஃகுக் கொக்கிதான் எடுக்க வேண்டும். நெசவு நெருக்கமாக இருக்க வேண்டும். ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறதா என்று நகத்தால் இழுத்துப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் சொல்லாமல் யாரையும் அனுப்பியதில்லை.

தம்பி கிண்டல் செய்வான். "பொண்ணு பாக்கப் போனாக்கூட எங்கக்கா இவ்வளவு நேரம் பாக்க மாட்டா."

பெண் பார்க்க அவன் என்னைக் கூப்பிடவே இல்லை. அவனே பார்த்துக்கொண்டான்.

டீச்சர் நல்ல பெண். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆரம்பப் பள்ளியில் வேலை. தம்பியிடம் கடலில் இறங்கக் கற்றுக்கொள்ள வந்தவள், வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டாள். என்னை வாய் நிறைய 'அண்ணி' என்று கூப்பிட்டாள். தலைவலி என்று படுத்தால் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். குறை சொல்ல எதுவும் தரவில்லை. அதுவும் ஒரு சாமர்த்தியம்தான்.

கடைக்குப் பின்னால் இருக்கும் குளத்தில்தான் பயிற்சி. ஒருநாள் முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்ததும் அவள் பயந்து, கன்னத்தை உப்பிக்கொண்டு விருட்டென்று மேலே வந்துவிட்டாள். தம்பி முதலில் சிரித்தான், அப்புறம் திட்டினான்.

"மூச்ச அடைச்சுக்கிட்டு இப்படி மேல வந்தா நுரையீரல் கிழிஞ்சிரும், டீச்சர். சாகுறதா இருந்தா முன்கூட்டியே சொல்லு, நான் லீவு போடணும்."

"நீங்க லீவு போட்டுட்டாலும்! அன்னைக்கும் எவனுக்காவது கிளாஸ் எடுக்கப் போயிருவீங்க."

அவள் அவன்மேல் தண்ணீரை வாரி அடித்தாள். நான் கரையில் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகும் இரண்டு முறை அவள் அப்படித்தான் மேலே வந்தாள். பழக்கத்தில் சரியாகிவிடும் என்று தம்பி சொன்னான். சில பேருக்குச் சரியாகாது. எனக்கு அது தெரியும்.

அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்திரண்டு. என்னைப் பெண் கேட்டு வந்தவர்களில் ஒருவர் படகு இன்ஜின் மெக்கானிக். தங்கமான மனிதர். "தம்பிய ஹாஸ்டல்ல சேத்துடலாம்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். காபி டம்ளரைக் கழுவி வைத்ததோடு அந்தப் பேச்சையும் முடித்துவிட்டேன். இதற்கெல்லாம் நான் யாரிடமும் கைம்மாறு கேட்டதில்லை. அவன் கண்ணெதிரே இருந்தால் போதும் என்றுதான் இருந்தேன். அது பேராசையா?

போன மாதம் டீச்சருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. தம்பியும் அங்கேயே ஒரு வேலை தேடிக்கொண்டான். இதை அவன் என்னிடம் சொல்லவில்லை. அவள்தான் சொன்னாள், சிரித்த முகத்தோடு.

"அண்ணி, நீங்க தனியா இருக்கவே கூடாது. அங்க உங்களுக்குன்னு ஒரு ரூம் பாத்து வச்சிருக்கோம். பெரிய ஜன்னல், நல்லா காத்து வரும்."

நான் வளர்த்த பிள்ளையின் வீட்டில் எனக்கு ஒரு ஜன்னல். 'வராதீர்கள்' என்று சொல்லியிருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன். "யோசிச்சு சொல்றேம்மா" என்றேன். யோசித்தேன்.

போவதற்கு முன் கடைசியாக ஒருமுறை இங்கே கடலில் இறங்க வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. என் பரிசாக ஆளுக்கொரு புதுப் பட்டை தருகிறேன் என்று கடைக்குக் கூட்டிப்போனேன். அவள் அரை மணி நேரம் தேர்ந்தெடுத்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே கொக்கியைத் திறந்து மூடினாள், ஓரத்தை நகத்தால் இழுத்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே கலர்ல எடுக்கலாமா, அண்ணி?"

"எடும்மா. ஜோடியா இருந்தா நல்லாத்தான் இருக்கும்."

இருப்பதிலேயே உயர்ந்த பட்டை அது. அதனால்தான் உங்கள் அறிக்கை எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது நைலானைப் பற்றிக் கொஞ்சம் கேளுங்கள். காய்ந்த பட்டையை இறுக்கினால் கல் மாதிரி நிற்கும். தண்ணீரில் ஊறினால் இளகிவிடும். அதனால் முதலில் நனைத்து, அதற்கப்புறம்தான் இறுக்க வேண்டும். முதல் நாள் வகுப்பிலேயே இதைச் சொல்லித் தருவார்கள். டீச்சருக்கும் தெரியும்.

நேற்றுக் காலை சாமான்களை நான்தான் தயார் செய்தேன். எப்போதும் என் வேலைதான் அது. அவள் பக்கத்தில் நின்று தலைமுடியைக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணி, நனைக்க வேண்டாமா?"

"அது பழைய பட்டைக்கு. புதுசுக்குத் தேவையில்ல."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. பதினேழு வருடக் கடைக்காரி சொன்னால் யார் எதிர்த்துக் கேட்பார்கள்? தம்பி வந்தான், வழக்கம்போல அவள் ஜாக்கெட்டின் மேல்பிடியைப் பிடித்துத் தூக்கி, இரண்டு தடவை உலுக்கிப் பார்த்தான். சிலிண்டர் அசையவில்லை. காய்ந்த பட்டை கரையில் அசையாது. உங்கள் ஸ்டேஷனின் பக்கத்து அறையில் உட்கார்ந்து, 'நான் ஒழுங்காகச் சோதிக்கவில்லை' என்று அவன் எழுதிக் கொடுத்திருக்கிறானாமே. அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள். அவன் ஒழுங்காகத்தான் சோதித்தான். அவன் வேலையில் குறை வைக்க மாட்டான். என் வளர்ப்பு அப்படி.

பத்து ஆள் ஆழத்தில் பட்டை இளகியிருக்கிறது. சிலிண்டர் கீழே சறுக்க, குழாய் அவள் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. தம்பி முன்னால் போய் ஓர் ஆமையைக் காட்டிக்கொண்டிருந்தானாம். திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் கன்னத்தை உப்பிக்கொண்டு மேலே போய்விட்டாள். குளத்தில் போனது மாதிரியே.

வருத்தம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இல்லை. ஊரே கூடி என்னைத் திட்டினாலும் இல்லை. அவளை நான் கையால்கூடத் தொடவில்லை. அவள் பயப்படாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள். ஆனால் பயப்படுவாள் என்று தெரிந்துதான் செய்தேன். தெரியாமல் செய்தேன் என்று நீங்கள் பரிதாபப்பட்டு எழுதிவிடாதீர்கள், அது எனக்கு அவமானம்.

பக்கத்தில் இருக்கிற இன்னொரு மஞ்சள் பட்டையையும் பாருங்கள். அது தம்பியுடையது. அதே பெஞ்சில், அதே வேளையில், அவள் அந்தப் பக்கம் திரும்பித் தலைமுடியைக் கட்டி முடிப்பதற்குள் அதை நான் இரண்டு முறை நனைத்தேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? போட்டதும் தம்பியை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நேற்றிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிடவில்லை. இன்று காலை இங்கே வருவதற்கு முன் அவனுக்குச் சமைத்து மூடி வைத்துவிட்டுத்தான் வந்தேன். விஷயம் தெரிந்தால் கோபப்படுவான், படட்டும். பத்து வயதில் அவனுடைய நாய்க்குட்டியை நான் யாருக்கோ கொடுத்துவிட்டேன் என்று நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் அவனே தட்டை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

அவனுக்குப் பசி தாங்காது, ஐயா.