பதினொன்றாவது எபிசோடு

மலையில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் எந்தத் தொடராக இருந்தாலும் எல்லா எபிசோடுகளையும் முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்வது என் வழக்கம். நேற்று என் போனைத் திறந்து பார்த்துவிட்டு, "இந்த சீரியலுக்காகவா இம்மாம் வேல பண்ண?" என்று கேட்டீர்கள், மேடம். இன்று நன்றாகத் தூங்கி எழுந்திருக்கிறேன். நிதானமாகச் சொல்கிறேன், வாக்குமூலம் எழுதுகிறவருக்கும் வசதியாக இருக்கும்.

என் பெயர் மஞ்சுளா. பிறந்தது மலையடிவாரத்தில் படவேடு, வாக்கப்பட்டது மேலே ஜமுனாமரத்தூருக்கு. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் எடுத்து, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தருகிற கடை எங்களுடையது. போர்டில் இருப்பது என் வீட்டுக்காரர் கண்ணாயிரத்தின் பெயர், உள்ளே உட்கார்ந்திருப்பது நான். அவர் புளி, மிளகு வாங்கிக் கீழே அனுப்புகிறார். நல்ல மனிதர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். பேசவும் மாட்டார். கல்யாணத்துக்கு முன்னால் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மணவறையில் அழுதுகொண்டிருந்த என்னிடம் அம்மா, "போவப் போவ சரியாப் பூடும்" என்றாள். பத்தொன்பது வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறது.

தொடரின் பெயர் 'பேக்கரி வீட்டு மருமகள்'. கொரியாவில் எடுத்துத் தமிழில் பேச வைத்தது. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பட்டாளத்தில் ஒன்றாக இருந்த இரண்டு அப்பாக்கள் என்றைக்கோ கொடுத்துக்கொண்ட வாக்குக்காக, ரொட்டிக் கடைக்காரர் மகளை நூடுல்ஸ் கம்பெனிக்காரர் மகனுக்குக் கட்டிவைத்து விடுகிறார்கள். அவளையும் யாரும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் எலியும் பூனையுமாகச் சண்டை. மூன்றாவது எபிசோடில் விருந்து நாளன்று அவள் ஓடிவிடக் கூடாது என்று அவன் அவளை அறைக்குள் வைத்துப் பூட்டுவான். வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். பதினொன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது. அவளுக்குக் கையில் காயம். காலையில் எழுந்து வந்தால், அவன் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, அவள் போட வேண்டிய ஊறுகாய்க்காக வாளி நிறைய முட்டைக்கோஸுக்கு உப்புத் தேய்த்துக்கொண்டிருப்பான். அவள் வந்தது அவனுக்குத் தெரியாது. அவள் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவ்வளவுதான். அந்த இடத்தில் அவளுக்குப் பிரியம் வந்துவிடும். அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கு இல்லை.

அந்தக் காட்சியை வைத்துத்தான் எங்கள் குழுவுக்கு 'முட்டைக்கோஸ் குடும்பம்' என்று பெயர் வைத்தோம். நடத்தியது நானும் வாணியம்பாடி ஆஸ்மாவும். அவள் வீட்டில் தோல் வியாபாரம். நேரில் பார்த்ததே இல்லை, ஆனால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் அவள் முதலில் கூப்பிடுவது என்னைத்தான். குழுவில் என் பெயர் மல்லிப்பூ. மல்லிப்பூ என்பது மலைமேல் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரி என்று ஆஸ்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது.

போன வருஷம் 'உப்பு கம்மி' என்று ஒரு சேனல் வந்தது. முகம் காட்டாத ஒரு பெண் குரல். எங்கள் தொடரை எடுத்துக்கொண்டு, மூன்றாவது எபிசோடின் பூட்டும் காட்சியில் இருந்த வேடிக்கை இசையை நீக்கிவிட்டு அப்படியே போட்டாள். கதவு சாத்துகிற சத்தம். தட்டுகிற சத்தம். அவள் மூச்சு வாங்குகிற சத்தம். கடைசியில் அந்தக் குரல், "மியூசிக்க எடுத்துட்டேன். இப்போ சிரிங்க பாக்கலாம்" என்றது.

எங்கள் ஆட்கள் சும்மா விடவில்லை. கதையைக் கதையாகப் பார் என்று ஆஸ்மா பக்கம் பக்கமாக எழுதினாள். உனக்குக் காதலும் தெரியாது கொரியாவும் தெரியாது என்றார்கள் சிலர். சேனலை மூட வைக்க எல்லோருமாகப் புகார் அனுப்பினோம். நான் மல்லிப்பூ என்ற பெயரிலேயே மரியாதையாக ஒன்றே ஒன்று எழுதினேன்: பதினொன்றாவது எபிசோடில் அவளுக்கே பிரியம் வந்துவிடுகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? அவள் பதில் ஒரு வரிதான். 'பதினொன்னு வரைக்கும் அவளுக்குப் போக்கிடம் ஏது?'

அன்று கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் பதினொன்றாவதைச் சத்தத்தை அணைத்துவிட்டு ஓட்டினேன். ஒரு களைத்துப்போன பெண் ஓர் ஆணின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேறு எதுவும் அதில் இல்லை. அந்த முதுகு எனக்குத் தெரியும். தினமும் பார்க்கிறேன். பெற்ற தாய்கூட என்னிடமிருந்து பிடுங்காத ஒன்றை முகம் காட்டாத ஒருத்தி பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அழுகை வந்தது, பிறகு கோபம் வந்தது. கோபம் அன்றே தணிந்துவிட்டது. நான் செய்ததை எல்லாம் கோபம் தணிந்த பிறகுதான் செய்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஜெராக்ஸ் மிஷின் பழசு. ஒவ்வொரு பேப்பரையும் தள்ளிவிட்டு ஒரு தரம் விக்கும். 'உப்பு கம்மி'யின் அடுத்த வீடியோவில் அவள் பேச்சுக்கு நடுவே அந்த விக்கல் கேட்டது. ஹெட்போனைப் போட்டுத் திரும்பக் கேட்டேன். ஊர்ப் பேச்சை மறைத்துப் பேசியிருந்த அந்தக் குரலும் அப்போதுதான் பிடிபட்டது. சந்தேகமே இல்லை. என் கடைக்குப் பின்னால், பேப்பர் கட்டுகள் அடுக்கிய அறையில் உட்கார்ந்துதான் அவள் பேசியிருந்தாள். அந்த அறையை ஆனந்திக்குக் கொடுத்தவளே நான்தான்.

ஜீப் ஓட்டுகிற தேவராஜின் மகள் ஆனந்தி. கீழே ஹாஸ்டலில் இருந்து டிகிரி முடித்தவள். அவள் ஊரில் போனுக்கு டவர் கிடையாது. ஆன்லைனில் எடிட்டிங் படிக்கிறேன் அக்கா என்று கேட்டாள், இடம் கொடுத்தேன். டீயும் கொடுத்தேன். சந்தை நாளில் கூட்டம் அதிகமானால் கல்லாவில் உட்கார்ந்து எனக்கு உதவியும் செய்வாள். நல்ல பிள்ளை. சென்னையில் சினிமா எடிட்டிங் படிக்க விண்ணப்பம் போட்டிருந்தாள். அதையும் என் கடையில்தான் போட்டாள். டவர் இல்லாததால் தகவல் வருவதற்கு என் நம்பரைத்தான் கொடுத்திருந்தாள்.

நான் அவளிடம் எதையும் கேட்கவில்லை. அவள் கெட்டவள் என்று நினைக்கவும் இல்லை. தெரியாமல் பேசுகிறாள், தெரிந்துகொண்டால் பேச மாட்டாள் என்று நினைத்தேன். சொல்லிப் புரியாது. வாழ்ந்தால்தான் புரியும்.

தேவராஜ் அண்ணனைக் கடைக்கு வரச்சொல்லி வீடியோவைப் போட்டுக் காட்டினேன். மகள் குரலை அப்பாவுக்குத் தெரியாதா? அதைவிடக் கீழே இருந்த கமெண்டுகளைத்தான் அவர் அதிக நேரம் படித்தார். ஆண் பேர்களில், படிக்கக் கூசுகிற மாதிரி இருந்தன. முதலில் அப்படி ஒன்றிரண்டுதான் இருந்தது. மீதியை முந்தின நாள் உட்கார்ந்து நான் எழுதினேன். அந்த வார்த்தைகளை எழுத எனக்கே கஷ்டமாகத்தான் இருந்தது.

"இன்னாம்மா இது, மானமே பூடுச்சே. நான் இன்னா பண்றது சொல்லு" என்றார்.

"காலாகாலத்துல ஒரு கல்யாணத்தப் பண்ணிடுங்கண்ணே. நம்ம கையிலயே ஒரு பையன் இருக்கான்" என்றேன்.

பையன் ரஞ்சித்குமார், என் நாத்தனார் மகன். படவேட்டில் கரும்புத் தோட்டம், சொந்த டிராக்டர். அவனும் அதிகம் பேச மாட்டான்.

அந்த வாரமே சென்னையிலிருந்து அவளுக்கு இடம் கிடைத்த தகவல் என் நம்பருக்கு வந்தது. சேர விருப்பமா, இல்லையா என்று இரண்டு பட்டன். இல்லை என்பதைத் தொட்டேன். அவளிடம், இந்த வருஷம் கிடைக்கலம்மா என்று சொன்னேன். என் தோளில் சாய்ந்து அழுதாள். தட்டிக் கொடுத்தேன். அவளை எனக்குப் பிடிக்கும், மேடம். பிடிக்காத பெண்ணுக்காக யாராவது இவ்வளவு மெனக்கெடுவார்களா?

ஆஸ்மாவிடம் மட்டும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். 

"மஞ்சுக்கா, நாம சண்ட போட்டது ஒரு சீரியலுக்காக. அந்தப் பொண்ணு சீரியல் இல்ல. உடனே அவ கிட்ட உண்மையச் சொல்லிடுங்க" என்றாள்.

சொல்கிறேன் என்றேன், சொல்லவில்லை. மறுநாள் அவள் குழுவை விட்டுப் போய்விட்டாள். என் மெசேஜ்களை உங்களிடம் கொடுத்ததும் அவள்தான் என்று தெரியும். எனக்கு வருத்தம் இல்லை. அவளைக் கட்டியவர் வாய் ஓயாமல் பேசுகிறவர், அவளுக்கு இதெல்லாம் புரியாது.

கல்யாணம் படவேட்டில் நடந்தது. ஆனந்தி சம்மதித்தாளா என்று கேட்கிறீர்கள். அப்பா செத்துப்போவேன் என்றார், அம்மா மணியம்மாள் இவள் காலில் விழுந்தாள், அவள் உட்கார்ந்தாள். மணவறையில் அழுதாள். பக்கத்தில் நான்தான் நின்றேன். போகப் போகச் சரியாகிவிடும் என்று சொன்னேன். சேனல் நின்றுவிட்டது. குழுவில் எல்லோரும் ஜெயித்துவிட்டோம் என்று பூங்கொத்துப் படம் போட்டார்கள். நான் எதுவும் போடவில்லை. ஒரு வாரத்துக்கு ஓர் எபிசோடு என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டு வந்தேன்.

மூன்றாவது வாரம், போளூரிலிருந்து வரும் முதல் பஸ்ஸில் ஆனந்தி வந்து இறங்கினாள். செருப்பு இல்லை. மணிக்கட்டு வீங்கியிருந்தது. வளையல் சின்ன அளவாக இருந்திருக்கும்.

"அக்கா, அப்பா வூட்டுக்குப் போனா திருப்பிக் கொண்டாந்து வுட்ருவாரு. எனக்கு உங்கள வுட்டா யாரு இருக்காங்க? மெட்ராஸ் பஸ்ஸு ஏத்தி வுடுங்க, அது போதும்" என்றாள்.

டீ போட்டுக் கொடுத்தேன். பின்னறையில் கொஞ்சம் படுத்திரு என்றேன். அவள் உள்ளே போனதும் வெளியில் தாழ்ப்பாள் போட்டுப் பூட்டைப் பூட்டிவிட்டு ரஞ்சித்குமாருக்குப் போன் செய்தேன். அவன் படவேட்டிலிருந்து பைக்கில் மலை ஏறி வருவதற்கு நேரம் ஆகும். சிறிது நேரத்தில் அவள் தட்ட ஆரம்பித்தாள். கடைக்கு ஆட்கள் வருகிற நேரம் அது. ஜெராக்ஸ் மிஷினில் ஒரு கட்டு வெள்ளைப் பேப்பரை வைத்து ஓட விட்டேன். அது விக்கி விக்கி ஓடியது. சாதிச் சான்றிதழ் நகல் எடுக்க வந்த ஒருவர், பின்னாடி இன்னாம்மா சத்தம் என்று கேட்டார். மிஷினுக்கு வயசாகிவிட்டது என்றேன். சிரித்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு கதவருகே போய், பயப்படாதே, எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும், பதினொன்று வரைக்கும் பொறுத்துக்கொள் என்றேன். தட்டுவது நின்றது.

"மல்லிப்பூ நீங்கதானாக்கா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

நான் மிஷின் பக்கம் திரும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் தட்டவே இல்லை. அந்த அமைதி மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. பேப்பர் தீர்ந்ததும் இன்னொரு கட்டு வைத்தேன்.

ரஞ்சித்குமார் வந்ததும் திறந்து விட்டேன். அவளாகவே நடந்து வந்து வண்டியில் பின்னால் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. தொங்கிக்கொண்டிருந்த சேலைத் தலைப்பை எடுத்து, சக்கரத்தில் மாட்டாதபடி அவள் மடியில் சொருகிவிட்டேன். மலைப்பாதை வளைவில் சேலை சக்கரத்தில் சிக்கி விழுந்துவிட்டாள் என்று அவன் உங்களிடம் சொல்லியிருக்கிறான். சேலை சிக்கியிருக்காது. அதை நான் நன்றாகச் சொருகியிருந்தேன். அந்த இடத்தில் கீழே எவ்வளவு பள்ளம் என்று மலையில் வளர்ந்தவளுக்குத் தெரியாமல் இருக்காது.

ஆகவே கமெண்ட் எழுதியது நான். படிப்பை வேண்டாம் என்று சொன்னது நான். கதவைப் பூட்டியதும் நான்தான். யாரும் தூண்டவில்லை. இத்தனையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் இறந்தது அவசரத்தால். மூன்றாவது வாரத்திலேயே எழுந்து போனால் யாருக்குத்தான் பிரியம் வரும்? நான் உட்கார்ந்திருக்கிறேனே.

இன்னொன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மத்தியானம் எனக்கு ஒரு டப்பா சாப்பாடு வந்தது. திறந்ததுமே சீரகச் சம்பா பிரியாணி வாசனை. நேற்றிலிருந்து என் வீட்டுக்காரர் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். வாணியம்பாடியிலிருந்து சாட்சி சொல்ல வந்த ஒரு பாய் வீட்டு அம்மா அழுதுகொண்டே கொடுத்துவிட்டுப் போனதாகக் காவலுக்கு இருந்த பெண்ணும் சொன்னாள். இருக்கலாம். என் வீட்டுக்காரர்தான் வழியில் அந்த அம்மாவைப் பார்த்துக் கொடுத்தனுப்பியிருப்பார். நேரில் காட்டத் தெரியாத மனிதர். டப்பாவைக் கழுவி வைத்திருக்கிறேன், வந்தால் அவரிடம் கொடுத்துவிடுங்கள். பதினொன்றாவது எபிசோடு இப்படித்தான் ஆரம்பிக்கும், மேடம்.