என் தம்பி வேய்க்கா ஆடுற விதம்

சர்க்கரை வேணாமா? சரி. அந்தப் பக்கம் உக்காருங்க சார், கதவோரம் குளிரும். வேய்க்கா வந்துருவான். அமெரிக்கா டீமுக்கு ஆளெடுக்க நீங்க ஹெல்சிங்கில இருந்து அவனப் பாக்கத்தான் வந்திருக்கீங்கன்னு நேத்தே சொல்லிட்டேன். கோச் ஹன்னுலாகிட்ட பேசிட்டீங்கல்ல? அவர் ஆட்டத்தப் பத்திச் சொல்லிருப்பாரு. வீட்ல எப்படி, ஆளு எப்படின்னு அக்காகிட்ட கேக்குறீங்க. கேளுங்க. இந்த ஐஸ் ஹாக்கி ரிங்க் கேன்டீன்ல நின்னுக்கிட்டு அவன் ஆடுன அத்தனை மேட்சும் பாத்தவதான் நான்.

நல்லத மொதல்ல சொல்றேன். கோலுக்கு முன்னாடி போய் நின்னான்னா நகர மாட்டான். ரெண்டு தடியனுங்க முதுகுல மட்டையால இடிப்பானுங்க, இவன் பாட்டுக்கு நிப்பான். வட்டு எங்கிருந்து வந்தாலும் லேசா ஒரு தட்டு, உள்ள போயிரும். அம்மா செத்த குளிர்காலம் பூரா ஒறஞ்சு கெடந்த ஏரில தனியா அதையேதான் பண்ணிட்டிருந்தான். மரக்கட்டைல அடிக்கிறது, திரும்பி வர்றதத் தட்டுறது. அழவே இல்ல. சோறு ஆறிப்போகும், நான்தான் போய் காலரப் பிடிச்சு இழுத்துட்டு வருவேன்.

குறையா? இருக்கே. வட்டு எதிர் டீமுக்குக் கை மாறிருச்சுன்னா திரும்பி ஓடி வர சோம்பல். உடம்புல சதை ஒட்டாது. தோத்துட்டா மூஞ்சியப் பாக்க சகிக்காது.

இடது பக்கம் வர்ற பாஸ விட்டுர்றானா? ம்ம். நீங்களும் கவனிச்சிட்டீங்க. போன சீசன்ல அது இல்ல சார். நவம்பர்லதான். சுவரோரமா முட்டுனதுல ஒருத்தன் மட்டை நுனி இவன் ஹெல்மெட் கண்ணாடிக்குக் கீழ ஏறிருச்சு. புருவத்துல தையல் போட்டாங்க. அடுத்த மேட்ச்ல ரெண்டு கோல் போட்டான், அதோட எல்லாரும் அத மறந்தாச்சு. பாஸ விட்டா ஹன்னுலா கவனம் இல்லம்பாரு. பசங்க, டேய், எந்தப் பொண்ண நெனச்சுக்கிட்டு ஆடுறன்னு ஓட்டுவானுங்க. இவனும் சிரிப்பான்.

போன சனிக்கிழமை நீங்க இல்ல. இடது பக்கமா வந்து ஒருத்தன் மோதுனான். மோதல் வரப்போகுதுன்னு தெரிஞ்சா ஒடம்பு ஒடுங்கும்ல, அது ஒடுங்கல. அப்படியே விழுந்தான். எந்திரிச்சு நேரா போய் எதிர் டீம் பெஞ்சுல உக்காந்துட்டான். அரங்கமே சிரிச்சுது. எங்கப்பாவும் சிரிச்சாரு. மரமில்லுல அவருக்கு வேற பேச்சே கெடையாது, எம்மவன் அமெரிக்கா போறான், எம்மவன் அமெரிக்கா போறான்னு.

எனக்குச் சிரிப்பு வரல. ஏன்னா எனக்குக் கிறிஸ்துமஸ்லயே தெரியும்.

மேசைல அப்பா இடது பக்கமிருந்து உருளைக்கெழங்குத் தட்ட நீட்டிக்கிட்டே இருக்காரு, இவன் வாங்கல. என்னடா, தொரைக்கு ஊட்டி விடணுமான்னாரு. எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. அப்புறம் இவன் தனியா உக்காந்திருந்தப்ப ஒரு ஆரஞ்ச அந்தப் பக்கமாத் தூக்கிப் போட்டேன். கன்னத்துல பட்டுச்சு. அது வரைக்கும் இமைக்கல சார்.

என் கைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டான். அக்கா, ஜூன்ல அமெரிக்கா டீம்காரங்க ஆளெடுக்கறப்ப எம்பேரச் சொல்லிக் கூப்புடற வரைக்கும் வாயத் தொறக்காத, அதுக்கப்புறம் என்ன வேணா பண்ணிக்கன்னான். நானும் அன்னையிலருந்து டாக்டர்கிட்ட போலாம் வாடான்னு கெஞ்சிட்டுதான் இருக்கேன். சனிக்கிழமைக்கு அப்புறமும் கெஞ்சுனேன். அடுத்த மேட்சுக்கு மட்டைக்கு டேப் சுத்திக்கிட்டே, முடியாதுன்னுட்டான்.

எந்தக் கண்ணுன்னா, இடதுதான். ஒண்ணும் தெரியாது அதுல, வெளிச்சங்கூட. நீங்க எழுதிக்கங்க, ஹன்னுலாகிட்டயும் நானே சொல்லிர்றேன்.

காப்பி இன்னும் கொஞ்சம் ஊத்தவா? அதோ, வர்றான் பாருங்க. சட்டைய இஸ்திரி போட்டு மாட்டிருக்கான். அப்பாவோட டை. அக்கா நம்மளப் பத்தி நல்லதா நாலு வார்த்த சொல்லிட்டிருக்கான்னு நெனச்சுக்கிட்டு வர்றான். எந்திரிச்சுக் கை குடுங்க சார். கொஞ்சம் இந்தப் பக்கமா வந்து குடுங்க, அங்க நின்னா தெரியாது அவனுக்கு.