மூன்றாம் தளம், கிழக்குப் பாதை

என் பெயரும் தகப்பனார் பெயரும் தனித்தாளில் உள்ளன. வயது 54. தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வரிசையில் மாடி வீட்டில் குடியிருக்கிறேன். கல்லூரி நிலவியல் துறையில் இருபத்தாறு ஆண்டுகளாக ஆய்வக உதவியாளர். இறந்தவர் என் தங்கையின் கணவர், கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். அவருக்குக் கல் சேர்க்கும் பைத்தியம் பிடிக்க வைத்தவன் நான்.

சம்பவ இடமான செம்புச் சுரங்கம் சுமார் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் தோண்டப்பட்டது. மேல் தளங்களில் பச்சை மாலகைட், கருநீல அசுரைட் ஆகிய செம்புத் தாதுக் கற்கள் கிடைத்தன. ஆழம் போகப் போகப் பித்தளை நிறத் தாதுதான். மூடி நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. நீர் இறைக்கும் எந்திரங்களை நிறுத்தியதும் நான்காம் தளம் முழுக்கத் தண்ணீர் ஏறிவிட்டது. மூன்றாம் தளத்தின் கிழக்குப் பாதையிலிருந்து அங்கே இறங்கும் செங்குத்துக் குழியைப் பலகை போட்டு மூடியிருந்தார்கள். பலகைமேல் சேறும் செம்புப் பச்சையும் படிந்து பார்க்கத் தரை போலவே இருக்கும். ஆய்வகத்தில் என் மேஜைக்குப் பின்னால் தொங்கும் பழைய வரைபடத்தில் அந்த இடத்தைச் சிவப்பில் குறித்திருக்கிறார்கள். தினமும் அதைப் பார்க்கிறவன் நான்.

போன மாதம் சுரங்கத்துக்கு வெளியே, கழிவுக் கல் மேட்டில், பட்டப்பகலில் கைமுட்டி அளவு அசுரைட் ஒன்று எனக்குக் கிடைத்தது. அதன் பிறகு நூலகக் கூடத்தில் நடந்த கல் கண்காட்சியில் அதை வைத்தேன். கல்லுக்குக் கீழே கிடைத்த இடத்தை அட்டையில் எழுதி வைக்க வேண்டும். உள்ளபடி எழுதினால் மறுவாரமே பத்துப் பேர் சுத்தியலும் கையுமாக மேட்டில் நிற்பார்கள். அதனால் நல்ல இடத்தை யாரும் உள்ளபடி எழுதுவதில்லை. நான் 'மூன்றாம் தளம், கிழக்குப் பாதை' என்று எழுதினேன். அங்கே எவனும் போகமாட்டான் என்ற தைரியம்.

அதன் பிறகு மாப்பிள்ளை வந்து அட்டையைப் படித்துவிட்டு, "மச்சான், உள்ள வழி நல்லா இருக்கா?" என்று கேட்டார். பக்கத்தில் இரண்டு பேராசிரியர்கள் நின்றார்கள். அட்டை பொய் என்று ஒத்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. "நான் போய்ட்டு வந்தவன்தானே மாப்ள, ஒண்ணும் ஆகலையே" என்றேன். நான் அந்தப் பாதையில் ஒரு நாளும் காலடி வைத்ததில்லை. வீட்டுக்கு வந்து தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்து, கண்காட்சிக்காரர்கள் பாராட்டியதில் மறந்துபோனேன். அந்த மறதியை நினைத்தால் என்னை எனக்கே பிடிக்கவில்லை.

அதன் பிறகு ஞாயிறு காலை அவர் தனியாகப் போயிருக்கிறார். மாலையில் தங்கை போன் செய்தாள். எந்த இடம் என்று அவள் சொல்லி முடிக்கும் முன்பே தீயணைப்பு நிலையத்துக்கு ஓடினேன். பலகை உடைந்திருந்தது. மறுநாள் மதியம் அவரை வெளியே கொண்டுவந்தார்கள்.

என் தங்கை நேற்று இதே காவல் நிலையத்தில், "போகட்டுமான்னு என்னைக் கேட்டாரு. அண்ணன் போய்ட்டு வந்த இடம்தானே, பயப்படாமப் போய்ட்டு வாங்கன்னு நான்தான் அனுப்பிவச்சேன். தப்பு என்மேலதான்" என்று எழுதிக் கொடுத்ததாக அறிகிறேன். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. அட்டை பொய் என்பதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல மூன்று நாளாக முயன்றும் என்னால் முடியவில்லை. ஆகவே அவளை வரவழைத்து, நான் இங்கே இருக்கும்போதே, இதை அவளுக்குப் படித்துக்காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதைப் படிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது. அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)