பெட்டிக்குள்ளிருந்து வந்த ஆமென்

தலைமை நாற்காலியில் நிறைந்து அமர்ந்து, நான் எப்போது முடிப்பேன் என்று கைக்கடிகாரத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் முதல்வர் ஐயா அவர்களே! நாளைக் காலை எங்கள் தலைமேல் கைவைத்து எங்களை உதவிகுருக்களாக்கப் போகும் பேராயர் அவர்களே! வழிபாடு என்பது வாய்ப்பழக்கம் அன்று, வாழ்க்கைப்பழக்கம் என்று எங்களை வாட்டி, வறுத்து, வளர்த்தெடுத்த வழிபாட்டு ஆசிரியர் ஐயா அவர்களே! பெற்ற பிள்ளையை இறைப்பணிக்குக் கொடுத்துவிட்டு, 'ஒழுங்காச் சாப்பிடுறியா' என்ற ஒரே கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்ட தாய்மார்களே! அந்தக் கேள்வியைக்கூடக் கேட்காமல் கடைசி வரிசையில் கைகட்டி அமர்ந்திருக்கும் தந்தைமார்களே! உங்கள் அனைவருக்கும் என் அன்பு நிறைந்த மாலை வணக்கம்.

விடைபெறும் மாணவர் சார்பில் பேச என்னை ஏன் அனுப்பினார்கள்? அறிவா? அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அழகான குரலா? சிற்றாலயத்தில் நான் பாடத் தொடங்கினால் ஆர்கன் வாசிப்பவர் என்னைத் தேடிப்பிடிக்கவே பாதிப் பாட்டு போய்விடும்! என்னை அனுப்பியது என் சிரிப்பு. பயம் வந்தால் சிரிப்பேன், பதற்றம் வந்தால் சிரிப்பேன், சிரிக்கக் கூடாது என்று சொன்னால் கேட்கவே வேண்டாம். அதனால் இந்தக் கல்லூரியில் எனக்குப் பெயரே 'சிரிப்பக்கா'தான்.

இங்கே வருவதற்கு முன்னால் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன். வேலையை விட்டு இறையியல் கல்லூரிக்குப் போகிறேன் என்று சொன்ன அன்று, லாரி மெக்கானிக்கான என் அப்பா ஸ்பேனரைக் கீழே வைத்தார். "உனக்கு எதுக்கெடுத்தாலும் சிரிப்பு. நாளைக்கு ஒரு சாவு வீட்ல போய்ச் சிரிச்சு வச்சுட்டா, நான் அவங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?" என்றார். அதன்பிறகு விடுமுறைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டு மேசையில் ஜெபித்தால், அம்மா 'ஆமென்' என்பார். அப்பா தட்டைப் பார்ப்பார். விடுமுறைக்கு விடுமுறை என் ஜெபம் நீண்டது. அப்பாவின் மௌனம் அதைவிட நீண்டது. அந்த ஒரு ஆமெனுக்காக நான் ஏங்கினேன், அன்பர்களே. குழம்பு ஆறியதுதான் மிச்சம்.

இங்கே எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்துத்தான் கற்கிறோம். ஞானஸ்நானத்துக்கு ஒரு ரப்பர் பொம்மை. எத்தனை முறை தண்ணீர் ஊற்றியும் இன்னும் மனம் திரும்பாத பொம்மை அது! திருமணத்துக்கு வகுப்பிலேயே மாப்பிள்ளை, வகுப்பிலேயே பெண். அடக்க ஆராதனைக்கு? அசல் சவப்பெட்டி. வெறும் பெட்டியைத் தூக்கினால் பையன்கள் துள்ளிக்கொண்டு நடக்கிறார்கள் என்று, உள்ளே ஓர் ஆள் படுக்க வேண்டும் என்றார் ஆசிரியர். யார் படுப்பது? பஸ் கண்டக்டராக இருந்து படிக்க வந்த எங்கள் கண்டக்டர் அண்ணன் தானாக முன்வந்தார்.

"ஏண்ணே, நீங்களே போய்ப் படுக்கிறீங்க?"

"வேலை பாத்த காலம் பூரா நின்னுக்கிட்டே போனேன் தங்கச்சி. ஒரு தடவையாவது படுத்துக்கிட்டுப் போறேன்."

ஆராதனை நடத்த வேண்டியவள் நான். ஆசிரியர் என்னைத் தனியே அழைத்தார். "இன்னைக்கு நீங்க சிரிச்சா உங்க பயிற்சி அறிக்கையில நான் கையெழுத்துப் போட மாட்டேன். அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். அடுத்த வருஷமா? அப்பா சொன்னது பலித்துவிடாதா? அங்கியை மாட்டினேன். ஜெபப்புத்தகத்தை இறுகப் பிடித்தேன். வாசித்தேன். நன்றாகவே வாசித்தேன்! கடைசி ஜெபத்தையும் முடித்து மூச்சை இழுத்தேன். கூடியிருந்தவர்கள் வாய் திறக்குமுன்னே, பெட்டிக்குள்ளிருந்து, கணீரென்று, கம்பீரமாக வந்தது: "ஆமென்!"

அவர்தான் என்ன செய்வார், பாவம்? காலை ஜெபம், மாலை ஜெபம், சாப்பாட்டுக்கு முன் ஜெபம், பரீட்சைக்கு முன் கண்ணீரோடு ஜெபம். ஜெபம் முடிந்தால் ஆமென் என்று பழகிய வாய், படுத்தால் மட்டும் விட்டுவிடுமா?

நான் சிரித்தேனா? அம்மா, நீங்கள் தலையில் கைவைக்காதீர்கள்! உதட்டைக் கடித்தேன். கூரையைப் பார்த்தேன். பரீட்சையில் எழுத முடியாமல் விட்ட எபிரேயச் சொற்களை எல்லாம் நினைத்துக்கொண்டேன். நான் சிரிக்கவில்லை! ஆனால் சுவர் அதிர ஒரு சிரிப்புக் கேட்டது. யாருடையது? அதோ, முன்வரிசையில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாரே, அவருடையது! "உங்க அறிக்கையில நான் கையெழுத்துப் போட்டுடறேன்மா. என் அறிக்கையில யார் போடறது?" என்றார்.

பிறகு அசல் வந்தது. பயிற்சிக்காக நான் அனுப்பப்பட்டிருந்த, எங்கள் ஊருக்கு அருகிலுள்ள சபையில் ஆயர் காய்ச்சலில் படுத்துவிட, ஒரு தையல்காரரின் அடக்கத்தை நான் நடத்த வேண்டியதாயிற்று. நல்ல மழை. பஸ் ஓடவில்லை. அப்பாதான் பைக்கில் கொண்டுவந்து விட்டார். கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார். குழியருகே இறந்தவரின் மகன் ஒருவர் மட்டும். குழி வெட்டியவர்கள் தள்ளி மரத்தடியில் ஒதுங்கியிருந்தார்கள். ஜெபத்தை முடித்தேன். நிறுத்தினேன். பதில் இல்லை. அந்த மகன் துண்டால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தார். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் நானே 'ஆமென்' என்று சொல்லிக்கொண்டேன். ஒரு கை தட்டினால் ஓசை எழுமா? பெட்டிக்குள் கிடந்த கண்டக்டர் அண்ணனை நினைத்து, அன்று எனக்கு அழுகை வந்தது.

திரும்பும் வழியில் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீ சிரிக்கலையே?"

"இல்லப்பா."

"ம்."

அந்த 'ம்' பாதி ஆமென் என்று நான் கணக்கு வைத்துக்கொண்டேன்.

பெரியோர்களே, ஒரு குருவை ஆக்குவது எது? அங்கியா? வெள்ளைக் கழுத்துப்பட்டையா? பேராயரின் கைகள் எங்கள் தலைமேல் வரும், அதற்காகத் தவம் கிடக்கிறோம். ஆனால் ஒருவர் வாய்விட்டு வேண்ட, மற்றவர் மனம்விட்டு ஆமோதிக்க, அங்கேதானே சபை பிறக்கிறது! எங்கள் பிரசங்கம் நீண்டால் கொட்டாவி விடுங்கள், கோபமில்லை. எங்கள் ராகம் தவறினால் சிரியுங்கள், நானும் சேர்ந்துகொள்வேன். ஜெபம் முடிகிற இடத்தில் மட்டும் எங்களைத் தனியே விட்டுவிடாதீர்கள்! விடமாட்டீர்கள் அல்லவா? சோதித்துப் பார்க்கட்டுமா? தலை வணங்குங்கள்.

ஆண்டவரே, எங்கள் சிரிப்பை எங்களிடமிருந்து எடுத்துவிடாதேயும். அதை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் காட்டும்.

…பொறுங்கள், பொறுங்கள். எல்லோருக்கும் முந்திக்கொண்டு, கடைசி வரிசையிலிருந்து கணீரென்று சொன்னது யார்? கண்டக்டர் அண்ணனா? அவர் இதோ மேடையில் என் பக்கத்தில் அல்லவா இருக்கிறார்!

அப்பா.

உக்காருங்கப்பா, எல்லாரும் பாக்கறாங்க.

ஆசிரியர் ஐயா, நான் சிரிக்கவில்லை, இது வேறு. என்னை இதுவரை பொறுத்துக்கொண்ட உங்கள் செவிகளுக்கும், இப்போது பதில் சொன்ன உங்கள் வாய்களுக்கும் நன்றி. நாளைக் காலை ஆலயத்தில் சந்திப்போம். வணக்கம்!