எதிர்க்கடைக்காரரின் ஜீரோ ஃப்ரெட்

"ஹலோ... ஹலோ... ஆமா, நான்தான். என் நம்பருக்கு அடிச்சா நான்தானே எடுப்பேன், பின்னே பிஷப்பா எடுப்பாரு?... யாரு?... ஓ. நீயா."

நெமேசியோ ஃபோனைக் காதிலிருந்து எடுத்து ஒருதரம் முறைத்துப் பார்த்தார். அப்புறம் ஜன்னல் வழியாக எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார். அபுனோ தெருவில் அவருடைய கிட்டார் பட்டறைக்கும் லியோன்சியோவின் கிட்டார் பட்டறைக்கும் நடுவே கிடப்பது இருபதடி ரோடு. அந்த இருபதடியை இருவரும் ஆறு மாதமாகத் தாண்டவில்லை. எதிர் ஜன்னலில் லியோன்சியோ ஒரு கையில் ஃபோனும் மறுகையில் வெள்ளையாக ஏதோவுமாக நின்றுகொண்டிருந்தார்.

"தெரியுது, தெரியுது, நல்லாவே தெரியுது. என்னது அது, வெள்ளைத் துண்டா? எங்க பக்கமா எதுக்கு ஆட்டுற?... சரி, விஷயத்தைச் சொல்லு. திருவிழா நாளும் அதுவுமா எனக்கு வேலை இல்லேன்னு நினைச்சியா?... ஆமா... ஆமா... மணி ஒண்ணு, தெரியும். நாலு மணிக்குப் பூசை, அதுவும் தெரியும். என் மக வாசிக்கிற பூசைடா அது. எனக்கே நேரம் சொல்றியா?"

'என் மக' என்பதை நன்றாக அழுத்திச் சொன்னார். அழுத்த வேண்டிய நிலைமை அவருக்கு. ரெக்லா மாதா திருவிழாப் பூசையில் பாடகர் குழுவுக்கு இந்த வருஷம் தனியாகக் கிட்டார் வாசிக்கப் போகிறவள் அவர் மகள் மரிசோல். அப்பன் ஊருக்கெல்லாம் கிட்டார் செய்கிறவர். மகள் வாசிப்பதோ எதிர்க்கடைக் கிட்டார். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒருநாள், அப்பன் செய்து கொடுத்ததைச் சுவரில் மாட்டிவிட்டு, லியோன்சியோ செய்ததைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயம்.

"என்ன ஆச்சு அவ கிட்டாருக்கு?... உன்கிட்ட குடுத்துட்டுக் கோயிலுக்குப் போயிட்டாளா?... இரையுதா? எந்தத் தந்தி?... மூணும் நாலுமா?... விரல் வெச்சா சரியா இருக்கு, வெறுந்தந்தி அடிச்சா மட்டும் இரையுதா?... டேய், கொஞ்சம் இரு. இன்னொரு தரம் சொல்லு. காது சரியா கேக்கல."

காதெல்லாம் நன்றாகத்தான் கேட்டது. நல்ல பாட்டை இரண்டாம் தரம் கேட்பதில்லையா, அந்த ஆசைதான்.

"ஆஹா... அதான் பாத்தேன். கழுத்து உச்சியில தந்திக்கு அடியில நீ அடிச்ச கம்பி, உன் ஜீரோ ஃப்ரெட், தேஞ்சு போச்சுடா, லியோன்சியோ. நான் சொன்னேனா இல்லையா?... உன் மூஞ்சிக்கு நேரா சொல்லல, சரி. மீன் மார்க்கெட்ல சொன்னேன், சவரக் கடையில சொன்னேன். ஊருக்கே தெரியும்... ரெமெடியோஸ், ஒண்ணுமில்ல! லெச்சோன்காரன்! பன்னி சுட்டாச்சாம், அதைச் சொல்றான்! நீ அடுப்பைப் பாரு... இல்லடா, உன்னைச் சொல்லல. வீட்டுக்காரி கேட்டா."

மனைவியிடம் லியோன்சியோ என்று சொன்னால் அவள் கரண்டியோடு ஓடி வந்து ஃபோனைப் பிடுங்கி, "எப்போ சாப்பிட வர்றீங்க?" என்று கேட்டுவிடுவாள். அந்த இரண்டு வீடுகளில் சண்டை இந்த இரண்டு பேருக்குள் மட்டும்தான்.

"ஜீரோ ஃப்ரெட்டோட பெருமையெல்லாம் என்கிட்ட பாடாத. அந்தக் கொரியா டூரிஸ்டுங்க வேன் வந்து உன் வாசல்ல நிக்கும்போது நீ பாடுற பாட்டு இங்க வரைக்கும் கேக்குது. 'ஐயா, எங்க கிட்டார்ல கழுத்து உச்சியில இருக்கிற இந்த எலும்புத் துண்டு, நட்டு, தந்தியை வரிசையா பிடிச்சுக்கிட்டா போதும். ஒசரத்தை அதுக்கு முன்னாடி போட்ட இந்த ஒரு கம்பி பாத்துக்கும். விரல் வெச்சாலும் வெக்காட்டாலும் தந்தி கம்பி மேலதான் உக்காரும், ஒரே நாதம்.' மனப்பாடம்டா எனக்கு... என்ன? நாதம் ஒண்ணா இருக்கா இல்லையாவா?... இருக்கு. இல்லேன்னு சொல்லலையே... ஆமா, தந்தியும் தாழ்வா நிக்கும். அழுத்த சுலபம். ஒத்துக்கறேன். நட்டுல ஆறு பள்ளம் ஒழுங்கா அறுக்க வராதவனுக்கு அது பெரிய வரம்தான்."

எதிர் ஜன்னலில் லியோன்சியோ தலையைக் குனிந்துகொண்டார். அது நெமேசியோவுக்கு இனித்தது. எருமை எலும்பில் நட்டு அறுப்பதில் தெருவிலேயே தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவருடைய சொத்து. அந்தச் சொத்தை ஒரே ஒரு கம்பித்துண்டு வந்து செல்லாக்காசு ஆக்கியதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. வேன் வேனாக வந்து இறங்கியவர்களையும் சேர்த்துத்தான்.

"ஆனா ஒண்ணு கேளு. கழுத்துல குறுக்கே இருக்கற மத்த ஃப்ரெட் கம்பிக்கெல்லாம் விரலை எடுத்தா ஓய்வு. உன் ஜீரோவுக்கு ஏதுடா ஓய்வு? ஆறு தந்தியும் எந்நேரமும் அதே எடத்துல ஏறி உக்காந்திருக்கு. அறுத்து அறுத்து பள்ளம் விழும். பள்ளத்துல எறங்கின தந்தி மொதல் ஃப்ரெட்டுல உரசும். அதான் இரையுது. அவ தினம் மூணு மணி நேரம் வாசிக்கிறா, நீ போட்டது மெத்துனு ஒரு பித்தளைக் கம்பி, வேற என்ன ஆகும்?... எலும்பு நட்டுன்னா தட்டி எடுத்துட்டு வேற வெக்கலாம். இதைப் பலகை பிசிறாம புடுங்கணும், புதுசு அடிக்கணும், மத்ததைவிட ஒரு மயிரிழை தூக்கலா தேய்ச்சு நிறுத்தணும். கொஞ்சம் கூடினா அவ விரல் வலிக்கும், கொறைஞ்சா மறுபடி இரையும்... அதான், தெரியுதுல்ல? போய் பண்ணு. மூணு மணி நேரம் இருக்கே... என்ன முடியாது?... ஏன்?... எந்தக் கட்டு?"

அப்போதுதான் அவர் ஜன்னல் கம்பியில் நெற்றி பட நெருங்கிப் பார்த்தார். வெள்ளைத் துண்டு இல்லை. மணிக்கட்டு வரை சுற்றிய கட்டு.

"அடப்பாவி!... எப்போ?... காலையிலயா? மெஷின் ரம்பத்துலயா?... எத்தனை தையல்?... ஏழா! ஏண்டா அறிவுகெட்டவனே, சின்ன மரத்துண்டைக் கையால தள்ளாம கட்டை வெச்சுத் தள்ளணும்னு உனக்கு இந்த வயசுல யாரு சொல்லித் தர்றது?... வலிக்குதா?... சரி சரி... உன் ஆளுங்க எங்க?... எல்லாரும் படகு ஊர்வலம் பாக்கப் போயாச்சா. போவானுங்க... ம்... ம்... அதனால என்கிட்ட வந்திருக்க. புரியுது."

கையில் எதிராளியின் குடுமி கிடைத்திருந்தது. இழுக்கவும் மனசில்லை, விடவும் மனசில்லை. அப்போது அவர் பார்வை சுவரில் தொங்கிய தன் கிட்டார் மேல் போயிற்று. ஆறு மாதத் தூசி. முகம் மலர்ந்தது.

"டேய், எதுக்கு இவ்வளவு கஷ்டம்? அவளோட சொந்தக் கிட்டார் இங்க தொங்குதே! இதை வாசிக்கட்டும். மைக்கே வேணாம், கோயில் கடைசி பெஞ்ச் வரைக்கும் கேக்கும்... ஏன் வேணாம்?... எது பிடிக்க முடியாது?... எஃப் கார்டா? ஆறு தந்தியையும் ஒரே விரலால அமுக்கற அதுவா? என் கிட்டார்லயா முடியாது? வாயைக் கழுவிட்டுப் பேசு!... யாரோட விரல்?... மரிசோல் விரலா? அது ஆறிடுச்சே. வேன் கதவுல நசுங்கினது, ரெண்டு வருஷம் ஆச்சு. டாக்டரே சொன்னாரு... ஆறலையா?... அழுத்தினா மரத்துப் போகுதா?... உனக்கு யாரு சொன்னா?... அவளேவா?"

குரல் இறங்கிப் போயிற்று.

"உன்கிட்டயா சொன்னா?"

வேன்காரர்கள் எதிர்க்கடைக்குப் போனதுகூடப் பரவாயில்லை. பெற்ற மகள் வலி என்று சொல்ல ரோட்டைத் தாண்டிப் போயிருக்கிறாள். இருபதடி நடந்து, அடுத்தவன் வாசலில் நின்று, விரலை நீட்டிக் காட்டியிருக்கிறாள்.

"...இருக்கேன், இருக்கேன். லைன்லதான் இருக்கேன்... ஏன்டா என்கிட்ட சொல்லல?... நான் என்ன பண்ணிருப்பேன்?... ஆமா... ஆமா. கத்தியிருப்பேன்... கேட்டாளா? எப்போ கேட்டா?"

கேட்டபோதே ஞாபகம் வந்துவிட்டது. போன வருஷம், பட்டறை நிறைய ஆட்கள் இருந்த ஒரு நாள். "அப்பா, நட்டைக் கொஞ்சம் இறக்கித் தர்றியா?" என்று மரிசோல் கேட்டாள். தான் ஒட்டிய நட்டைத் தானே தொடுவது நெமேசியோவுக்கு இழுக்கு. "விரலுக்காகக் கிட்டாரை வளைக்கக் கூடாது, கிட்டாருக்காகத்தான் விரலை வளைக்கணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கையைப் பாவாடைப் பைக்குள் விட்டுக்கொண்டு சிரித்தது இப்போதுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

"...அவளுக்காகவா போட்ட? மொதல் ஜீரோ ஃப்ரெட்டே அவளுக்குத்தானா?... அப்போ அந்த வேன்காரங்க?... அவ வாசிச்சதைக் கேட்டு அப்புறம் வந்தவங்களா. ம்... ஏன், நட்டையே தாழ்த்தி அறுத்திருக்கலாமே, எதுக்கு ஜீரோ ஃப்ரெட்?... என்ன சொன்ன?... இன்னொரு தரம் சொல்லு. இல்லடா, இப்போ நெஜமாவே கேக்கல... 'அவ்வளவு தாழ்வா, இரையாம நட்டு அறுக்க இந்தத் தெருவுல உன் கையால மட்டும்தான் முடியும், எனக்கு வராது'... ம். அதை நீ மீன் மார்க்கெட்ல சொல்லிருக்கலாம்ல?"

ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு சுவரிலிருந்து கிட்டாரை இறக்கினார். மெல்லிய அரம் கைக்கு வந்தது. அரை மணி நேரம் போதும். நட்டை இறக்கினால் மகள் மடியில் இன்றைக்கு அப்பன் கிட்டார் இருக்கும். ஒபோன் மாதா கோயிலில் கூடுகிற கூட்டமே பார்க்கும். லியோன்சியோவும் உட்கார்ந்து பார்ப்பார்.

"லியோன்சியோ... இதையே நான் இப்போ இறக்கிட்டா என்ன? உன்னுதைத் தொடவே வேணாம்... நீ என்ன நினைக்கிற?... என் இஷ்டமா? ஏன்டா என் தலையில கட்டுற?... நீ சண்டை போட்டா எனக்குச் சுலபமா இருக்கும்."

அரத்தை நட்டின் மேல் வைத்தார். வைத்த இடத்திலேயே அது நின்றது. கழுத்தை ஒரு பிடி பிடித்துப் பார்த்தார். தடித்த கழுத்து, அவர் கைக்குச் செய்தது.

"இல்ல... வேணாம். ஆறு மாசமா உன் கழுத்துலயே பழகின கை. பூசைக்கு மூணு மணி நேரம் இருக்கும்போது வேற கழுத்தைக் குடுத்தா தடுமாறிடுவா... தெரியும்டா, நான்தான் சொல்றேன், நீ சொல்லல... சரி. உன்னுதையே சரி பண்றேன். எஃகுக் கம்பி போட்டுடறேன், சீக்கிரம் தேயாது... இருக்கு, ஒரு துண்டு இருக்கு... எதுக்கு வாங்கினேனா? சும்மா... சும்மான்னா சும்மா... சரிடா! நானும் ஒண்ணுல போட்டுப் பாத்தேன். கதவைச் சாத்திட்டு. போதுமா?... சிரி, சிரி. தையல் பிரிஞ்சுக்கப் போகுது."

சுத்தியல், குறடு, கம்பித்துண்டு எல்லாவற்றையும் சட்டைப் பையிலும் கால்சட்டைப் பையிலுமாகத் திணித்தார்.

"நீ தூக்கிட்டு வராத, ஒத்தக் கையால ரோட்டைத் தாண்டி கீழ போட்டுடுவ. நான் வர்றேன்... ஆமா, நான்தான் வர்றேன். ஜன்னல்ல நிக்காம கதவைத் திற... கிட்டாருக்குள்ள உன் பேரு ஒட்டியிருக்கும், தெரியும். இருக்கட்டும்... வேணாம். நான் சரி பண்ணினேன்னு அவகிட்ட சொல்லாத. விரல் விஷயம் எனக்குத் தெரியும்னும் சொல்லாத. தெரிஞ்சா வாசிக்கறப்ப என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருப்பா. சாயங்காலம் நானே பேசிக்கறேன். கத்தாம பேசறேன்... சத்தியமா... ரெமெடியோஸ்! லெச்சோன்காரன் இல்லடி. லியோன்சியோ!... ஆமா, நெஜமாத்தான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாலு தட்டு கூட வை... டேய், கேட்டுச்சுல்ல? குடும்பத்தோட வா."

கதவைத் திறந்து வாசலுக்கு வந்துவிட்டார். ரோட்டில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கொடி கட்டிய ஜீப்னி வண்டி ஒன்று போனது. அது போகும்வரை நின்றார்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. வெக்காத. பூசை முடிஞ்சு எல்லாரும் கைதட்டுவாங்க. நீ தட்டு... அந்தக் கையால எப்படியா? தொடையில தட்டு. ஆனா எழுந்திரிச்சு மட்டும் நிக்காத... ஏன்னா? நான் நிப்பேன்டா. ரெண்டு பேரும் நின்னா, அவ மொதல்ல உன்னைப் பாத்துட்டா... அதை என்னால தாங்க முடியாது, லியோன்சியோ. இன்னிக்கு ஒரு நாள் என்னைப் பாக்கட்டும்... ம்... ம். சரி. வெச்சுடு. ரோட்டைத் தாண்டறேன்."