தலைவருக்கு ஒரு குரல்

— "இந்த மாமா ஏன் நம்ப மாட்டேங்கறார்? அந்த அக்கா பொய்யா சொல்றாங்க?" இதுதான் சார் அந்தக் குழந்தை கேட்டது.

— எந்தக் குழந்தையம்மா?

— எங்க வீடியோ கேமோட முதல் பாகத்தை விளையாடிப் பாக்கக் கூட்டிட்டு வந்த குழந்தை. எதிரிக் கப்பலுங்க வருதுன்னு காவல்காரப் பொண்ணு ஓடி வந்து சொல்றா. அந்தக் கிரகத்துத் தலைவர், "வானத்துல ஒண்ணும் இல்ல, எல்லாரும் வீட்டுக்குப் போங்க"ங்கறார். குழந்தை அதோட ஜாய்ஸ்டிக்கைக் கீழ வெச்சிருச்சு.

— அடேயப்பா! இப்ப ரெண்டாம் பாகத்துல நான் அந்தத் தலைவனுக்குக் குரல் குடுத்து, குழந்தைக்குப் பதில் சொல்லணும். அதானே?

— அதேதான் சார். வசனம் மாறாது. சொல்ற விதத்துல பதில் இருக்கணும்.

— இவ்வளவுதானே? கேளுங்க. "வானத்துல ஒண்ணும் இல்ல! ஹஹ்ஹஹ்ஹா! எல்லாரும் வீட்டுக்குப் போங்க!"

— ம்ஹூம்.

— என்னம்மா ம்ஹூம்? இந்தச் சிரிப்புக்கு ஒரு காலத்துல தியேட்டர்ல விசில் பறக்கும்.

— இது முட்டாளோட சிரிப்பு சார். முட்டாளைக் குழந்தைங்களுக்குப் பாத்ததுமே தெரியும். ஏன்னு கேட்டிருக்காது.

— சரி, முட்டாள் வேண்டாம். திருட்டுப் பய. எதிரிகிட்ட கை நீட்டி வாங்கினவன். "வானத்துல... ஒண்ணும்... இல்ல..."

— ஐயா, மைக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மூச்சு வந்து மோதுது.

— தம்பி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொம்மை மாதிரி உக்காந்திருந்தியே, உனக்கும் வாய் இருக்கா?

— இருக்கு ஐயா. ஆனா சம்பளம் காதுக்குத்தான் தர்றாங்க.

— பலே! சவுண்ட் இன்ஜினியர்னாலும் விவரமான ஆளுதான். நீயே சொல்லு, இந்தத் தலைவன் ஏன் நம்ப மாட்டேங்கறான்?

— அதாவது ஐயா, அவர் நம்பிட்டா கேம் அங்கயே முடிஞ்சிருமே. எல்லாரும் பதுங்கு குழிக்குள்ள போய்ப் படுத்துக்குவாங்க. கேமை வாங்கினவன் காசைத் திருப்பிக் கேப்பான்.

— இவன் பிழைச்சுக்குவான்! சரிம்மா, இப்படி வெச்சுக்கலாமா? ஏற்கனவே ரெண்டு மூணு தடவை வீண் புரளி. ஊரையே எழுப்பிக் குழிக்குள்ள தள்ளிட்டு, விடிஞ்சு பாத்தா ஒரு வால்நட்சத்திரம். சனங்க திட்டித் தீத்துட்டாங்க. மனுஷன் சலிச்சுப் போயிட்டான். "வானத்துல ஒண்ணும் இல்லம்மா... எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

— பரவாயில்ல. ஆனா சலிப்பு நிஜமா இல்ல.

— எதை வெச்சுச் சொல்றீங்க?

— சலிச்சுப் போனவர் யாரையும் பாக்காமப் பேசுவார். நீங்க அந்தப் பொண்ணுக்குப் பின்னாடி நிக்கிற கூட்டத்தைப் பாத்துப் பேசுறீங்க.

— அதெல்லாமா குரல்ல தெரியும்?

— தெரியும் சார். அதை அப்புறம் பாக்கலாம். இப்ப அடுத்த பக்கத்தைப் படிங்க.

— "அடுத்த நிறுத்தம், பெரிய மருத்துவமனை. இறங்குபவர்கள் முன்பக்கம் வரவும்." "மாத்திரையை உணவுக்குப் பின் எடுத்துக்கொள்ளவும்." "உங்கள் கணக்கில் போதிய இருப்பு இல்லை." என்னம்மா இது? வேற்றுக் கிரகத்துத் தலைவன் எதுக்கு பஸ் நிறுத்தம் சொல்றான்?

— படிங்க சார். ஒவ்வொண்ணையும் சந்தோஷமா ஒரு தடவை, கோபமா ஒரு தடவை, அழுதுகிட்டே ஒரு தடவை.

— அழுதுகிட்டே "போதிய இருப்பு இல்லை"யா? அதுக்கு நடிப்பே தேவையில்ல, எங்க வீட்டுல தினமும் நடக்கறது.

— ஐயா, ஒண்ணு கேக்கலாமா? காலையில கையெழுத்துப் போட்டீங்களே, அதைப் படிச்சுப் பாத்தீங்களா?

— நீ பொறக்கறதுக்கு முன்னாடியே கையெழுத்துப் போட்டவன் தம்பி நான்.

— இல்ல ஐயா, அதாவது... அது இந்தக் கேமுக்கு மட்டும் இல்ல. உங்க குரலை வேற எதுக்கு வேணும்னாலும்...

— வேற எதுக்கு? ரொம்பப் பயப்படறியே! குரல் கலைஞர் சங்கத்துக்கே தலைவரா இருந்தவன்யா நான். என்னை எவன் ஏமாத்துவான்?

— அக்கா, நீங்களாவது ஐயாவுக்குச் சொல்லுங்க.

— நீ உன் காதை மட்டும் பாரு.

— விடுங்கம்மா, சின்னப் பையன். இப்படித்தான் சங்கக் கூட்டத்துல ஒரு பொண்ணு எழுந்து நின்னா. "தலைவரே, நம்ம குரலை எடுத்து மெஷினுக்குக் கத்துக்குடுக்கப் போறாங்க. அப்புறம் நம்மள யாரும் கூப்பிட மாட்டாங்க. இப்பவே எல்லாரும் சேந்து முடியாதுன்னு சொல்லிடணும்"னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

— சொல்லுங்க சார்.

— "மெஷினுக்குத் தொண்டை கட்டிக்கிச்சுன்னா யாரு தங்கம் வெந்நீர் வெச்சுக் குடுப்பா? நீ போய்க் குடுக்கறியா?"ன்னேன். கூடமே அதிர்ந்து போச்சு! நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரிச்சாங்க.

— அந்தப் பொண்ணு?

— அவளும் நின்னு பாத்தா, அப்புறம் முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு வெளிய போயிட்டா. அன்னையிலிருந்து அவளுக்கு "வெந்நீர்"னே பட்டப்பேரு. நிஜப் பேரும் முகமும் மறந்து போச்சு. ஆனா குரல் மறக்கல. கண்ணாடி டம்ளர்ல கரண்டி பட்ட மாதிரி இருக்கும். ஒரு தடவை கேட்ட குரலை நான் மறக்கவே மாட்டேன்.

— அப்புறம் அவ என்ன ஆனா?

— என்னத்தை ஆவா? கம்பெனிக்கு எதிரா வாயைத் திறந்தவளை எவன் வேலைக்குக் கூப்பிடுவான்?

— தம்பி, நீ போய் எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வா.

— இப்பவா அக்கா? பாதியில விட்டுட்டு...

— நான் பாத்துக்கறேன். அவசரமில்ல, மெதுவா வா.

— நல்ல பையன்மா. கொஞ்சம் தொடைநடுங்கி, அவ்வளவுதான்.

— சார், காவல்காரப் பொண்ணோட வசனத்தை நீங்க இன்னும் கேக்கலையே. ஹெட்போனை மாட்டுங்க, போடறேன்.

— அதானே! எதிராளி என்ன சொன்னான்னே கேக்காம நாங்களா பதில் பேசிட்டுப் போறோம். இந்தத் தொழிலே இப்படி ஆயிடுச்சு. போடுங்க.

— "தலைவரே! வந்துகிட்டிருக்காங்க! என் கண்ணால பாத்தேன். இப்பவே எல்லாரும் சேந்து நிக்கலைன்னா யாரும் மிஞ்ச மாட்டோம்!"

— அட! இது அவதான்! அந்த வெந்நீர்! நான் சொன்னேன்ல, மறக்க மாட்டேன்னு! அவளைத் தேடிப் பிடிச்சு வேலை குடுத்திருக்கீங்களே, உங்களுக்குப் பெரிய மனசும்மா.

— இதை அவ பேசல சார். மெஷின் பேசுது. அவ முன்னாடி பேசினதையெல்லாம் அள்ளி எடுத்து ஊட்டி விட்டுட்டாங்க. அவளை ஒரு வார்த்தை கேக்கல.

— அப்ப அவ?

— அவளுக்குக் கத்துற வேலை குடுத்தாங்க. சண்டைக் காட்சியில சாகறவங்களோட அலறல், நெருப்புல மாட்டினவங்களோட ஓலம். அது மட்டும் மெஷினுக்கு அப்ப சரியா வரல. காலையிலிருந்து இருட்டற வரைக்கும் கத்துவா. தொண்டையில கட்டி வந்து, அறுத்தெடுத்தாங்க. அதுக்கப்புறம் மிச்சமிருக்கிற குரலைத்தான் இன்னிக்குப் பூரா கேட்டுக்கிட்டிருக்கீங்க.

— இன்னிக்குப் பூராவா? யாரு குரலை?

— ஒரு தடவை கேட்டா மறக்க மாட்டேன்னீங்க.

— அம்மா... நீங்களா...

— "தங்கம்"னே கூப்பிடுங்க சார். அன்னிக்கு அப்படித்தான் கூப்பிட்டீங்க.

— அப்ப அந்த பஸ் நிறுத்தம், மாத்திரை எல்லாம்...

— மெஷினுக்கு. இன்னியோட உங்க வேலை முடிஞ்சுது. இன்னும் எத்தனை பாகம் வந்தாலும் இந்தத் தலைவர் பேசுவார். நீங்க வர வேண்டாம். எங்கயும் வர வேண்டாம்.

— அழிச்சிடு தங்கம். பதிவானதையெல்லாம் அழிச்சிடு.

— கையெழுத்து உங்களோடது.

— எனக்கு வேற தொழில் தெரியாதும்மா. இந்த வயசுல நான் எங்க போவேன்?

— எனக்கும்தான் தெரியாது. அந்த வயசுலயே தெரியாது.

— என் வீட்டுக்காரி தினமும் பஸ்ஸுல போறவ...

— போகட்டும். இறங்குற இடத்தை நீங்களே சொல்லுவீங்க. நீங்க போய்ச் சேந்த பிறகும் சொல்லுவீங்க. மாத்திரை சாப்பிடச் சொல்லுவீங்க. பணம் இல்லைன்னும் நீங்கதான் சொல்லுவீங்க.

— இப்படியா பேசுவே? கடவுள்னு ஒருத்தர் இருக்கார்மா.

— அன்னிக்கும் இருந்தார். அன்னிக்குக் கூடம் நிறைய ஆளும் இருந்துச்சு. உங்களுக்கு நான் அந்த அவமானத்தைக் குடுக்கல, பாருங்க. பையனை வெளிய அனுப்பிட்டுத்தான் பேசுறேன்.

— வேற என்ன செய்யணும் நான்? கால்ல விழணுமா?

— வேண்டாம். ஒரு டேக் பாக்கி இருக்கு. குழந்தைக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க. தலைவர் ஏன் நம்பல?

— ...நம்பினேன்.

— என்ன?

— நம்பினேன் தங்கம். உனக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்துக்கு முந்தின வாரம் கம்பெனிக்காரன் என்னைக் கூப்பிட்டு மெஷினைக் காட்டிட்டான். பெத்த அம்மாவுக்கே வித்தியாசம் தெரியாது, அப்படிப் பேசிச்சு. நான் வீட்டுக்குப் போய் சாப்பிடல. யார்கிட்டயும் சொல்லல. என்ன செய்யறதுன்னு தெரியல. அப்ப நீ எழுந்து கேட்டுட்டே. கூடம் மொத்தமும் என் மூஞ்சியையே பாக்குது. இவனும் பயந்துட்டான்னு தெரிஞ்சா என்னாகறது? வாயில வந்ததைச் சொன்னேன். சிரிச்சாங்க. அவங்க சிரிக்கச் சிரிக்க எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? உண்மையிலேயே ஒண்ணும் இல்லையோன்னு நானே நெனச்சுட்டேன்.

— அப்ப இந்தத் தலைவரும்...

— அவன் அவளுக்கு முன்னாடியே வானத்தைப் பாத்துட்டான்மா.

— அதை மனசுல வெச்சுக்கிட்டுச் சொல்லுங்க. மைக் திறந்துதான் இருக்கு.

— "வானத்துல... ஒண்ணும் இல்ல. எல்லாரும்... வீட்டுக்குப் போங்க."

— இதுதான் சார் டேக்.

— அவ்வளவுதானே? நான் போகலாமா?

— ஒண்ணே ஒண்ணு. நான் முதல் முதலா ஸ்டுடியோவுக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கா?

— இல்லம்மா.

— எங்கம்மாவை அடக்கம் பண்ணிட்டு நேரா வந்திருந்தேன். வராம இருந்தா அந்த வேலையும் போயிருக்கும். வாயைத் திறந்தா வசனம் வரல, அழுகைதான் வருது. டைரக்டர் "இவளை வெளிய அனுப்பு"ன்னு எழுந்துட்டார். அந்த நேரம் பாத்து நீங்க இருமினீங்க. "எனக்குத் தொண்டை சரியில்ல, இன்னிக்கு முடியாது, எல்லாரையும் நாளைக்கு வரச் சொல்லுங்க"ன்னீங்க. உங்களுக்காக மொத்த வேலையும் நின்னுச்சு. மறுநாள் நான் பேசிட்டேன்.

— தொண்டை கட்டியிருக்கும்மா. அதுக்கெல்லாம் அர்த்தம் பாக்காதே.

— போகும்போது படியில உரக்கப் பாடிக்கிட்டே இறங்கினீங்க சார். தொண்டை நல்லாத்தான் இருந்துச்சு.

— எனக்கு ஞாபகம் இல்ல.

— எனக்கு ஞாபகம் இருக்கு. கிளம்புங்க.

— இந்த ரெக்கார்டிங்கை மட்டும்...

— கிளம்புங்க சார். இனிமே எதுல கையெழுத்துப் போட்டாலும் படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க.

— அக்கா, டீ. ஐயாவுக்கு என்ன ஆச்சு? படியில நின்னு அழறார். டீயைக் குடுத்தேன், வாங்க மாட்டேங்கறார்.

— அவர்கிட்ட சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். நீ வீட்டுக்குப் போ.

— ரொம்பக் கடுமையாப் பேசிட்டீங்களா? பாவம்க்கா, வயசானவர். நாம இப்படிச் செய்யலாமா?

— போடான்னா போ. டீயை வெச்சுட்டுப் போ.

— சரிக்கா.

— ஹலோ, முதலாளி? நான்தான் பேசுறேன். ஸ்டுடியோவுல இருந்து.

— முடிஞ்சுதா? கிழவர் ஒழுங்கா பேசினாரா? நாளைக்கு மெஷினுக்கு ஏத்திடலாம்ல?

— நல்லாத்தான் பேசினார். ஆனா ஒண்ணுமே பதிவாகல.

— என்னம்மா உளர்றே?

— அடுத்த ரூம்ல பதிவாகற பெட்டி இருக்குல்ல, அது காலியா இருக்கு. மைக்ல இருந்து அதுக்குப் போற ஒயர் மாட்டல. எங்க காதுக்குக் கேட்டுச்சு, பெட்டிக்குப் போகல.

— நாள் பூராவுமா? சரி, நாளைக்கே மறுபடி வரச் சொல்லு.

— கையெழுத்து இன்னிக்குப் பதிவாகற குரலுக்கு மட்டும்தான் வாங்கியிருக்கோம். இனிமே அவர் போட மாட்டார். எதுக்குன்னு அவருக்குத் தெரிஞ்சு போச்சு.

— எல்லாம் அந்தப் பையனோட வேலை! காலையில ஒயர் மாட்டறது அவன்தானே? நாளையிலிருந்து அவன் இந்தப் பக்கமே வரக் கூடாது. எந்த ஸ்டுடியோவுலயும் அவனுக்கு வேலை கிடைக்காமப் பண்றேன். இப்பவே அவன்கிட்ட சொல்லிடு.

— அவன் சரியாத்தான் மாட்டினான் முதலாளி. காலையில அவர் படியேறி வர்ற சத்தம் கேட்டதும், போய்க் கழட்டிப் போட்டது நான்.