விடுமுறை முழுக்கத் தாங்கிய பேட்டரி

மாலை ஆறே முக்கால். கல்குவாரியை மூடிப் பல வருடமாகியும் குவாரி ரோடு என்றே பெயர் நிலைத்துவிட்ட ஒரு சாலை. லாரிகள் தோண்டிய பள்ளங்கள் அப்படியே இருந்தன; லாரிகள்தான் இல்லை. விளக்குக் கம்பம் ஒன்றுகூடக் கிடையாது. சாலையின் கடைசியில் ஒரே ஒரு வீடு… அந்த வீட்டுக்காரர் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு போகிறார்.

இருங்கள். அவர் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நெருங்கி உட்காருங்கள், கரண்ட் இப்போதைக்கு வராது. ஆடிட்டர் சார், அந்த டார்ச்சை அணையுங்கள். "எங்கயோ கழட்டின பேட்டரி சல்லிசா வருது, வாங்கிப் போட்டுட்டா தீர்ந்தது" என்று சற்றுமுன் பெருமையடித்தீர்களே, உங்களுக்காகத்தான் இந்தக் கதை.

அவர் என் நண்பனுக்குத் தாய்மாமா. பழைய ஆபீஸ் கட்டடம் ஒன்றுக்கு மேனேஜர். வீட்டில் அத்தைகூட "மேனேஜர் சாப்பிட வராராமா?" என்றுதான் கேட்பாள். அவர் கணக்கில் உலகத்தில் அவரைத் தவிர எல்லோரும் மடையர்கள். டாக்டர் மடையன். வானிலை அறிக்கை வாசிக்கிறவன் மடையன். அவன் சொன்னபடி மழை பெய்துவிட்டால் மழையும் மடையன்.

அந்தக் கட்டடத்தில் நாலு பேருக்குமேல் ஏறக்கூடாத ஒரு லிப்ட். கரண்ட் போனால் பக்கத்து மாடிக்கு இறக்கிவிடும் கருவி அதில் இருந்தது. அது பழுதாகி வெகுநாளாயிற்று. "லிப்ட்ல நின்னா எவனும் செத்துட மாட்டான்" என்று மேனேஜர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். பேட்டரிகள் மட்டும் நன்றாக இருந்தன. கரண்ட் போனால் லிப்டுக்குள் ஒரு விளக்கு, ஒரு சின்ன ஃபேன், அவசர மணி… இவை மூன்றும் ஓடும்.

ஒரு நீண்ட விடுமுறை வந்தது. மேனேஜரே மெயின் சுவிட்சை அணைத்துக் கட்டடத்தைப் பூட்டிச் சாவியோடு வீட்டுக்குப் போனார். மேலே யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கவில்லை. தரை துடைக்கிற அம்மா அப்போதுதான் வாளியும் துடைப்பமுமாக மேல் மாடியில் லிப்டில் ஏறியிருந்தாள். லிப்ட் இரண்டு மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. அவள் போன் கீழே பையில். ஒண்டிக்கட்டை. தேட ஆள் இல்லை.

கேட்டில் இருந்த வாட்ச்மேன் மேனேஜருக்குப் போன் செய்தான்.

"சார், உள்ள லிப்ட் பெல் அடிச்சுக்கிட்டே இருக்கு சார்."

"ஈரத்துல ஷார்ட் ஆயிருக்கும்யா. பேட்டரி தீர்ந்தா தானா நிக்கும். இதுக்கெல்லாமா எனக்கு போன் பண்ணுவ? உனக்கெல்லாம் மூளைன்னு ஒண்ணு வெச்சிருக்கானா?"

மறுபடி அடித்த போனை அவர் எடுக்கவே இல்லை.

விடுமுறை முடிந்து லிப்டை நெம்பித் திறந்தபோதும் மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது. அந்த அம்மா பொத்தான் இருந்த பக்கத்துக்கு எதிர்மூலையில் சுருண்டு கிடந்தாள். செத்து ஒரு நாளுக்கு மேல் ஆகியிருக்கும் என்றார்கள். அப்படியானால் பொத்தானை அழுத்தியது யார்? ஒட்டிக்கொண்டிருக்கும் என்றார்கள்… பெரிய மனிதர்கள் ஒன்றைச் சொல்லிவிட்டால் அது பதிலாகிவிடும் அல்லவா? விசாரணை வந்தது. வாட்ச்மேன் வேலை போயிற்று. மேனேஜருக்குக் கொஞ்ச நாளில் மாலை போட்டு, மைக் பிடித்துப் பேசி, ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள்.

அந்தக் கையோடு குவாரி ரோட்டில் வீடு கட்டினார். "வெளியிலேருந்து ஒரு ஒயர் உள்ள வரக்கூடாது. எவன் தயவும் வேண்டாம்." மொட்டைமாடி நிறைய சோலார் தகடு. பகலில் வருகிற கரண்டைச் சேர்த்துவைக்க நல்ல பேட்டரி வேண்டும். என் நண்பனையும் இழுத்துக்கொண்டு கடை கடையாக ஏறினார்.

ஒரு கடையில் ஆசிட் பேட்டரி காட்டினார்கள். அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றதும், "தினம் ஊத்த இது என்ன பூச்செடியா?" என்றார். அடுத்த கடையில் லித்தியம். "போன்ல இருக்கற இத்தனூண்டே உப்பிப்போய் நிக்குது. இதை நான் மாடிப்படிக்குக் கீழ வெச்சுக்கிட்டுத் தூங்கணுமா?" இன்னொரு கடையில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள்: "வீட்ல என்னென்ன ஓடும் சார்? வெயில் இல்லாட்டி எவ்வளவு நேரம் தாங்கணும்?"

"அதை நானே சொல்லிட்டா நீ எதுக்கும்மா இங்க உக்காந்திருக்க?"

அந்தச் சமயத்தில்தான் பழைய கட்டடத்தை இடித்தார்கள். மேனேஜர் போய் லிப்டின் பேட்டரிகளைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அத்தை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அந்த லிப்ட்ல இருந்ததா? வேண்டாங்க."

"ஏன்? கடைக்காரனுங்க எல்லாம் பேப்பரைக் காட்டுவானுங்க. இது நிஜமாத் தாங்கிக் காட்டியிருக்குடி. லீவு முழுக்க! லைட்டு, ஃபேன், பெல்லு… ஒரு நிமிஷம் நிக்கல. இதைவிட என்ன சாட்சி வேணும் உனக்கு?"

கேட்டீர்களா? ஒருத்தி இரும்புக் கூண்டில் கத்திக் கத்திச் செத்தது அந்த மனிதருக்கு வாரண்டி கார்டு.

"அந்த வெளிச்சத்துல என்னால ஒரு வாய் சாப்பிட முடியாது" என்று அத்தை தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். "போ, போ. ரெண்டு மடச்சிங்களும் ஒரே இடத்துல இருந்தா நாட்டுக்கு நல்லது" என்று வழியனுப்பினார். மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத சின்ன அறை. இரும்புக் கதவு, வெளியில் மட்டும் தாழ்ப்பாள். அதற்குள் பேட்டரிகளை அடுக்கினார். அன்று மாலைதான் முதல்முறையாக அந்த இணைப்பில் வீடு ஓடவேண்டும். இணைத்துவிட்டு, பல்பு வாங்க டவுனுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்.

ஆறே முக்கால்.

ஆபீஸில் இருந்த என் நண்பனுக்குப் போன் வந்தது.

"டேய், என் வீட்டுக்குள்ள பூந்து என்னடா பண்ற?"

"நான் ஆபீஸ்ல இருக்கேன் மாமா."

"அப்ப எவன்டா அது?"

வீட்டின் படிக்கட்டுச் சுவரில் கீழிருந்து மேல்வரை ஒரே நீளக் கண்ணாடி. ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியும். அதில் உச்சியில் சதுரமாக ஒரு வெளிச்சம் நிற்கிறது என்றார். மஞ்சள் வெளிச்சம். கதவு அளவு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கீழே இறங்குகிறதாம்… ஒரே சீராக. படியில் இறங்குகிற ஆள் பிடித்த டார்ச் என்றால் ஆடும், குதிக்கும். இது ஆடவில்லை. பாதியில், இரண்டு மாடிக்கும் நடுவில், சின்னதாக ஒரு குலுக்கல். நின்றுவிட்டது.

"திருட்டு நாய். நான் யாருன்னு தெரியாம வந்துட்டான்" என்று போனை அணைக்காமலே காரைவிட்டு இறங்கினார். நண்பனுக்கு எல்லாம் கேட்டது. ஜல்லியில் செருப்பு. சாவி. கதவு.

அப்புறம் மணி.

ட்ர்ர்ர்ர்ங்… விட்டு விட்டு. அந்த வீட்டில் வாசலில்கூட மணி கிடையாது. வருகிறவன் தட்டட்டுமே என்பது அவர் கொள்கை.

"ஃபினாயில் நாத்தம்டா. எவன் இங்க தரை துடைச்சான்?"

"மாமா, வெளிய வந்துடுங்க. நான் வரேன்."

"நீ வந்து என்ன கிழிக்கப் போற? பேட்டரி ரூம்லதான் அடிக்குது. ஒயரைக் கழட்டினா வாயை மூடும்."

இரும்புக் கதவு கிரீச்சிட்டது. ஸ்பானர் உரசும் சத்தம். மூச்சு வாங்கும் சத்தம். ஒயர் தரையில் விழுந்த சத்தம்.

"கழட்டிட்டேன்" என்றார்.

மணி அடித்துக்கொண்டிருந்தது.

"ரெண்டையும் கழட்டிட்டேன்டா…" பிறந்ததிலிருந்து கேட்கிற குரல்தான். ஆனால் அதில் எப்போதும் இருக்கும் ஏளனம் காணாமல் போயிருந்தது. ஒரு குழந்தை பேசுவது போல இருந்தது என்றான் நண்பன். அதற்குப் பின் கதவு சாத்திக்கொண்டது. மோதவில்லை, அறையவில்லை. ரப்பர் வைத்த கதவு மாதிரி மெதுவாக… ப்ஸ்ஸ்.

போன் அணைந்துவிட்டது.

நண்பன் பைக்கை விரட்டிக்கொண்டு போனான். காரின் கதவு திறந்து கிடந்தது. வீடு முழுக்க இருட்டு. மணி இல்லை. ஃபினாயில் வாடை மட்டும் கண்ணைக் கரித்தது. பேட்டரி அறைக் கதவின் தாழ்ப்பாளைத் தடவிப் பார்த்தான்… வெளியிலிருந்து போட்டிருந்தது.

மேனேஜர் சாகவில்லை. பயப்படாதீர்கள், அப்படிப்பட்டவர்கள் லேசில் சாவதில்லை. இப்போது அத்தையோடு அவளுடைய தங்கை வீட்டில், அந்த இரண்டு மடச்சிகளும் ஊட்டிவிடுவதைச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார். பேச்சு இல்லை. எந்த அறையிலும் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பியபடியே நிற்பார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். இருக்கலாம். பேட்டரிகளை என் நண்பன் எங்கே கொண்டுபோய்த் தொலைத்தான் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டான்.

ஆனால் அன்று தாழ்ப்பாளைத் திறந்தபோது என்ன பார்த்தான் என்று ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னான்.

டார்ச் அடித்தான். அறையில் இரண்டு கட்டில் போடலாம், அவ்வளவு காலி இடம். மேனேஜர் பின்சுவரோடு ஒட்டி நின்றார். தோளைக் குறுக்கி, கைகளை உடம்போடு சேர்த்து, வயிற்றை எக்கிக்கொண்டு. வலப்பக்கம் யாரோ இடிப்பது போலத் தலையைச் சற்றே இடப்பக்கம் சாய்த்திருந்தார். கழற்றிய ஒயர்கள் காலடியில் கிடந்தன.

"மாமா, வாங்க" என்று நண்பன் உள்ளே ஒரு காலை வைத்தான்.

மேனேஜர் பதறி, நெரிசலுக்குள்ளிருந்து உருவுவது போல ஒரு கையைச் சிரமப்பட்டு வெளியே எடுத்து, வேண்டாம் என்று ஆட்டினார். அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

"ஏறாதடா… நாலு பேர் ஆயிட்டோம். ஓவர்லோடு ஆயிடும். நீ அடுத்த தடவை வா."